முதல் மருந்து தோற்ற பிறகு

ஹெபடைடிஸ் சி-க்கு மாத்திரை சாப்பிட்டு முடித்தவருக்கு, மாத்திரை முடிகிற அன்றே விடை கிடைத்துவிடுவதில்லை. அதற்குப் பிறகு 12 வாரம் காத்திருந்து எடுக்கும் ரத்தப் பரிசோதனைதான் விடை சொல்லும். வைரஸின் ஆர்.என்.ஏ. அதில் தென்படவில்லை என்றால் நோய் குணமாகிவிட்டது. ‘கட்டுப்பாட்டில் இருக்கிறது’ என்று மருத்துவர்கள் இந்த இடத்தில் தயங்கிச் சொல்வதில்லை; குணம் என்றே சொல்கிறார்கள். நூறு பேரில் ஏறத்தாழ 95 பேர் அந்தச் சொல்லோடு வீடு திரும்புகிறார்கள். மிச்சமிருக்கும் ஐந்து பேரைப் பற்றியது இந்தக் கட்டுரை.

அந்த ஐந்து பேருக்கு என்ன நடக்கிறது? சிலரிடம், “ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள்” என்று சொல்லிவிடுகிறார்கள். சிலருக்கு அதே மாத்திரையை இன்னும் மூன்று மாதத்துக்கு எழுதித் தருகிறார்கள். வேறு சிலர் இனி வழியில்லை என்று தாங்களாகவே முடிவுகட்டி, கீழாநெல்லிக்கும் பத்தியச் சாப்பாட்டுக்கும் திரும்பிவிடுகிறார்கள். (மஞ்சள் காமாலை என்றதும் நம் வீடுகளில் கீழாநெல்லிதான் நினைவுக்கு வரும். ஹெபடைடிஸ் சி வைரஸை அது ஒழிக்கும் என்று எந்த மருத்துவ ஆய்வும் நிறுவியதில்லை.) இந்த மூன்றுமே தவறு. முதல் சிகிச்சையில் தப்பிய வைரஸைப் பெரும்பாலும் இரண்டாவது சிகிச்சையில் ஒழித்துவிட முடிகிறது. அதற்கு மருந்தைத் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்; தேர்ந்தெடுத்த மருந்து நோயாளியின் கைக்கு எட்டவும் வேண்டும். நம் நாட்டில் சிக்கல் இரண்டாவதில்தான் இருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ல் உலகம் முழுவதும் சுமார் 5 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் சி-யுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 55 லட்சம் பேர் இந்தியர்கள். எல்லோருக்கும் சிகிச்சை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், அதில் ஐந்து சதவீதம் என்பது இரண்டே முக்கால் லட்சம் பேர். இதைச் சிறிய எண்ணிக்கை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

முதலில், தோல்விதானா?

வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி-யும் பார்க்கப்படுகிறது. பெரும்பாலும் பார்ப்பது ஆன்டிபாடியை, அதாவது வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதத்தை. நோய் முழுமையாகக் குணமான பிறகும் அந்த ஆன்டிபாடி பல ஆண்டுகள், பலருக்கு ஆயுள் முழுக்க, ரத்தத்தில் தங்கியிருக்கும். மாத்திரை சாப்பிட்டுக் குணமடைந்தவர் வேறு ஏதோ ஒரு காரணத்துக்காக ரத்தம் கொடுத்துப் பார்க்க, ‘பாசிட்டிவ்’ என்று வந்ததும் நோய் திரும்பிவிட்டதாக இடிந்துபோவது இதனால்தான். வைரஸ் இருக்கிறதா என்று சொல்லக்கூடியது ஆர்.என்.ஏ. பரிசோதனை. அதைப் பார்க்காமல் தோல்வி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

ஆர்.என்.ஏ.யும் தென்படுகிறது என்றால் அடுத்த கேள்வி, பழைய வைரஸா, புதிய வைரஸா என்பது. ஒருமுறை குணமானவருக்கு ஹெபடைடிஸ் சி மறுபடி வராது என்று உத்தரவாதம் கிடையாது. வாராவாரம் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் தலசீமியா நோயாளிகள், ஊசி வழியாகப் போதை எடுத்துக்கொள்பவர்கள், கொதிக்க வைக்காத ஊசியால் எதற்கெடுத்தாலும் குத்தும் போலி வைத்தியரிடம் போகிறவர்கள் ஆகியோருக்கு மறுதொற்று வரலாம். சிகிச்சைக்கு முன் பார்த்த ஜீனோடைப்பும் (வைரஸின் மரபணு வகை) இப்போது பார்க்கும் ஜீனோடைப்பும் வேறாக இருந்தால் இது புதுத் தொற்று என்று தெளிவாகிவிடும். புதுத் தொற்றுக்கு, பெரும்பாலும் முதல்முறை கொடுத்த மருந்தையே கொடுக்கலாம். பழைய வைரஸே மிஞ்சியிருந்தால் கதை வேறு. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் மறுசிகிச்சையில் இறங்கினால் மருந்தும் வீணாகும், கல்லீரலுக்கு இருக்கும் அவகாசமும் வீணாகும்.

தப்பிக்கும் கலை

ஹெபடைடிஸ் சி வைரஸ் 1989-ல் அடையாளம் காணப்பட்டது. அதற்கு வழிவகுத்த ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹாட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. சுமார் 9,600 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழைதான் இந்த வைரஸின் மொத்தச் சொத்து. அதிலிருந்து ஒரே நீண்ட புரதம் உருவாகி, பத்துத் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறது.

நோயாளியின் உடலில் நாளொன்றுக்கு லட்சம் கோடி என்ற அளவில் புதிய வைரஸ்கள் உருவாகின்றன. ஆர்.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. ஓலைச்சுவடியைப் பெயர்த்து எழுதியவர்கள் ஒரு சுவடிக்கும் அடுத்த சுவடிக்கும் இடையில் பாடபேதங்களை விட்டுப்போனது போல, இதுவும் படிக்குப் படி ஓரிரு எழுத்துகளை மாற்றிக்கொண்டே போகிறது. அதனால் நோயாளியின் ரத்தத்தில் சற்றுச் சற்று வேறுபட்ட வைரஸ்களின் பெருங்கூட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். மருந்துக்கு அடங்காத வைரஸ் மருந்து சாப்பிட்டதால் பிறப்பதில்லை. அது அந்தக் கூட்டத்தில் முன்பே ஒரு மூலையில் இருக்கிறது. மருந்து மற்றவற்றை அழித்துவிட, மிஞ்சிய அது பெருகுகிறது. “ஒழுங்காகச் சாப்பிடவில்லை” என்று எடுத்த எடுப்பில் நோயாளியைக் குற்றம் சாட்டுவது அறிவியலுக்கும் நியாயத்துக்கும் புறம்பானது என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு வேளைகூடத் தவறவிடாதவர்களுக்கும் வைரஸ் திரும்பியிருக்கிறது.

இன்றைய மாத்திரைகள் மூன்று இடங்களில் அடிக்கின்றன. நீண்ட புரதத்தை வெட்டும் புரோட்டியேஸைத் தடுப்பவை ஒரு வகை. கிளெகாபிரெவிர், வோக்சிலாபிரெவிர் போன்ற, ‘பிரெவிர்’ என்று முடியும் மருந்துகள் இவை. என்எஸ்5ஏ என்ற புரதத்தை முடக்குபவை இரண்டாவது வகை. டக்ளாடஸ்விர், லெடிபஸ்விர், வெல்பாடஸ்விர், பிப்ரென்டஸ்விர். படியெடுக்கும் நொதிக்குப் போலி எழுத்தைக் கொடுத்து இழையைப் பாதியில் நிறுத்துவது மூன்றாவது; அதுதான் சோஃபோஸ்புவிர்.

மறுசிகிச்சைக்குள் போகும் முன் இந்த மூன்றும் தோல்விக்குப் பிறகு எப்படி நடந்துகொள்கின்றன என்று புரிந்துகொள்வது அவசியம். புரோட்டியேஸ் தடுப்பான்களுக்கு எதிராக உருவாகும் மாற்றங்கள் வைரஸைப் பலவீனமாக்குகின்றன. மருந்தை நிறுத்திய சில மாதங்களில் பழைய வகை வைரஸ் அவற்றை முந்திவிடுகிறது. சோஃபோஸ்புவிருக்கு எதிரான எஸ்282டி என்ற மாற்றம் வைரஸை இன்னும் மோசமாக முடக்கிவிடுவதால் நோயாளிகளிடம் அதை அரிதாகவே காண முடிகிறது. முதல்முறை தோற்றவருக்கும் சோஃபோஸ்புவிரையே மறுபடி கொடுக்க முடிவது இந்தக் காரணத்தால்தான்.

என்எஸ்5ஏ கதை நேர்மாறு. அங்கே ஏற்படும் மாற்றங்களால் வைரஸுக்கு நட்டமில்லை. மாறிய வைரஸும் கிட்டத்தட்டப் பழைய வேகத்திலேயே பெருகுகிறது. அதனால் மருந்தை நிறுத்தி இரண்டாண்டு ஆனாலும் அந்த மாற்றம் ரத்தத்தில் நிலைத்திருக்கிறது. அந்தப் புரதத்தின் 93-ஆவது இடத்தில் டைரோசினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்து உட்கார்வதை ஒய்93எச் என்று குறிப்பிடுகிறார்கள். இந்திய நோயாளிகளைப் பார்க்கும் கல்லீரல் மருத்துவர்களை அதிகம் கவலைப்பட வைக்கும் மாற்றம் இதுதான். இந்தியாவில் மிகப் பரவலாக இருக்கும் ஜீனோடைப் 3-ல் இதன் கை ஓங்கியிருக்கிறது.

வைரஸ் இவ்வளவு மாயம் செய்தாலும் ஒரு நல்ல செய்தி உண்டு. எச்.ஐ.வி. போலவோ ஹெபடைடிஸ் பி போலவோ இது நம் செல்லின் உட்கருவுக்குள் பதுங்கி ஆண்டுக்கணக்கில் உறங்குவதில்லை. பெருகுவதை முழுமையாக நிறுத்திவிட்டால் அது அழிந்தே ஆக வேண்டும். இரண்டாவது முயற்சியில் நம்பிக்கை வைப்பதற்கு அடிப்படை இதுதான்.

யாருக்குத் தவறுகிறது

கல்லீரல் ஏற்கெனவே சுருங்கி, சிரோசிஸ் நிலைக்குப் போனவர்களிடம்தான் தோல்வி அதிகம். சோஃபோஸ்புவிர், டக்ளாடஸ்விர் இரண்டையும் ஜீனோடைப் 3 நோயாளிகளுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்த ஆலி-3 ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. சிரோசிஸ் இல்லாதவர்களில் 96 சதவீதம் பேர் குணமானார்கள். சிரோசிஸ் இருந்தவர்களில் குணமானவர்கள் 63 சதவீதம்தான். ஒரே மருந்து, ஒரே கால அளவு. கல்லீரலின் நிலை மட்டும் வேறு. சிகிச்சையைத் தொடங்கும் முன் சிரோசிஸ் இருக்கிறதா என்று சரியாகப் பார்க்காமல் விடுவது எத்தனை பேரைத் தோல்விக்கு அனுப்பும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். கல்லீரலில் புற்றுக்கட்டி இருப்பவர்களுக்கும் வெற்றி வாய்ப்பு குறைகிறது.

வைரஸின் உள்வகையும் ஒரு காரணம். ருவாண்டாவில் நடந்த ஒரு ஆய்வில் சோஃபோஸ்புவிர், லெடிபஸ்விர் கூட்டு மாத்திரை பெரும்பாலோரைக் குணப்படுத்தியது. ஆனால் 4ஆர் என்ற உள்வகை இருந்தவர்களில் 56 சதவீதம் பேர் மட்டுமே தேறினார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரிதான உள்வகை என்பதால் மருந்தை உருவாக்கியபோது இது யார் கண்ணிலும் படவில்லை. நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: 3பி. சீனாவின் தென்மேற்கிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நம் வடகிழக்கு மாநிலங்களிலும் காணப்படும் இந்த உள்வகை, பிறவியிலேயே என்எஸ்5ஏ மாற்றங்களைச் சுமந்து வருகிறது. ஆசிய நாடுகளில் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில் சோஃபோஸ்புவிர், வெல்பாடஸ்விர் கூட்டு மொத்தத்தில் 97 சதவீத வெற்றி கண்டது. 3பி உள்ளவர்களிடம் அது 76 சதவீதமாக இறங்கியது. 3பி-யோடு சிரோசிஸும் சேர்ந்தவர்களில் பாதிப் பேர்தான் குணமானார்கள்.

மூன்றாவது காரணம் நம் மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது. நெஞ்செரிச்சல் என்றால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ‘கேஸ் மாத்திரை’, அதாவது ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவை, வயிற்று அமிலத்தைக் குறைக்கின்றன. வெல்பாடஸ்விரும் லெடிபஸ்விரும் உடலில் சேர அந்த அமிலம் தேவை. கேஸ் மாத்திரையை ஒரு மருந்தாகவே நினைக்காதவர்கள் அதை மருத்துவரிடம் சொல்வதுமில்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவை இன்னும் ஆபத்தானவை. ஹெபடைடிஸ் சி மருந்தின் அளவையே அவை ரத்தத்தில் சரித்துவிடும். காசநோயும் வலிப்பும் இவ்வளவு பரவலாக இருக்கும் நாட்டில், ‘வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்ற கேள்வியைக் கேட்க மறந்தால் அதற்கான விலையை நோயாளிதான் கொடுக்கிறார்.

வேளை தவறுவதும் உண்மைதான். பக்கவிளைவு அதிகமில்லாத மாத்திரை என்பதால், உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே என்று இடையில் நிறுத்துகிறவர்கள் உண்டு. அடுத்த மாதத்து மருந்து மையத்துக்கு வந்து சேராமல் இடைவெளி விழுந்தவர்களும் உண்டு. அந்த இரண்டாம் ரகத்தினரை யார் குற்றம் சொல்ல முடியும்?

இரண்டாவது சுற்றில் என்ன மருந்து

அடிப்படை விதி எளிது. தோற்ற கூட்டணியை அப்படியே திரும்பக் கொடுக்கக் கூடாது. ஒரு புது முனையைச் சேர்க்க வேண்டும், அல்லது காலத்தை நீட்டித்து ரிபாவிரின் என்ற மருந்தைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

ஊசிக் காலத்தில் தோற்றவர்களின் நிலை இன்று மிகவும் நல்லது. இன்டர்ஃபெரான் ஊசியையும் ரிபாவிரினையும் 48 வாரம் தாங்கி, காய்ச்சலும் மனச்சோர்வும் அனுபவித்து, ஜீனோடைப் 1-ல் பாதிப் பேர்கூடக் குணமாகாத காலம் அது. அந்த ஊசி வைரஸை நேரடியாகத் தாக்குவதல்ல, உடலின் எதிர்ப்பைத் தூண்டிவிடுவது. ஆகவே இன்றைய மாத்திரைகளுக்கு எதிரான மாற்றம் எதையும் அது விட்டுச்செல்லவில்லை. “எனக்கு முன்பே பார்த்து ஒத்துவரவில்லை” என்று பத்து, பதினைந்து ஆண்டுகளாக மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் இன்றே போக வேண்டும்.

மாத்திரையில் தோற்றவர்களுக்கு உலகம் கண்டுபிடித்த முதன்மையான விடை மும்மருந்துக் கூட்டு: சோஃபோஸ்புவிர், வெல்பாடஸ்விர், வோக்சிலாபிரெவிர். மூன்று முனைகளிலும் ஒரே நேரத்தில் அடி. என்எஸ்5ஏ மருந்தில் தோற்றவர்களிடம் இதைச் சோதித்த போலாரிஸ்-1 ஆய்வு 2017-ல் வெளிவந்தது. 12 வாரத்தில் 96 சதவீதம் பேர் குணமானார்கள். ரத்தத்தில் எதிர்ப்பு மாற்றங்கள் இருந்தவர்களும் இல்லாதவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தேறினார்கள் என்பதுதான் இதில் முக்கியம். அதாவது இந்த மருந்து கைவசம் இருந்தால், செலவு பிடிக்கும் எதிர்ப்பு மாற்றப் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஜீனோடைப் 3-உடன் சிரோசிஸும் உள்ளவர்களுக்கு ரிபாவிரினையும் சேர்க்கச் சொல்கிறது அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர்களின் வழிகாட்டி. ருவாண்டாவிலும் முதல் சிகிச்சையில் தோற்றவர்களுக்கு இதே மும்மருந்தைக் கொடுத்தபோது ஏறக்குறைய எல்லோருமே குணமானார்கள்.

ஆனால் இது எல்லோருக்கும் ஆகாது. வயிற்றில் நீர் கோத்து, ரத்த வாந்தி எடுத்து, நினைவு தடுமாறும் அளவுக்குக் கல்லீரல் செயலிழந்தவர்களுக்கு ‘பிரெவிர்’ மருந்துகளைக் கொடுக்கக் கூடாது. கல்லீரல் மேலும் மோசமாகும். அவர்களுக்கு இருப்பது சோஃபோஸ்புவிர், வெல்பாடஸ்விர், ரிபாவிரின் மூன்றும் சேர்ந்த 24 வாரச் சிகிச்சை. மிகவும் முற்றிய நிலையில், முதலில் கல்லீரல் மாற்று அறுவை, புதுக் கல்லீரல் நிலைத்த பிறகு வைரஸ் சிகிச்சை என்று வரிசையை மாற்றுவதும் உண்டு. அந்த முடிவைக் கல்லீரல் மாற்று மையத்தில்தான் எடுக்க வேண்டும்.

மும்மருந்து கிடைக்காத இடத்திலும் இந்த 24 வாரச் சிகிச்சைதான் கை கொடுக்கிறது. வெல்பாடஸ்விரில் தோற்ற 69 பேருக்கு அதையே ரிபாவிரினோடு 24 வாரம் கொடுத்த ஓர் ஆய்வில் 63 பேர் குணமானார்கள். ஜீனோடைப் 1-ல் ஏறக்குறைய எல்லோரும். ஜீனோடைப் 3-ல் 18 பேரில் 14 பேர். நமக்குப் பொருந்துவது அந்தக் கடைசி எண். மோசமில்லைதான்; ஆனால் மும்மருந்தின் எண்ணுக்கு அது ஈடில்லை.

ரிபாவிரின் பழைய, மலிவான, முரட்டு மருந்து. ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ஹீமோகுளோபினைக் குறைக்கும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் மிகுந்த கவனத்தோடுதான் கொடுக்க வேண்டும்; ஆரம்ப வாரங்களில் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதால் மருந்து சாப்பிடும்போதும் முடித்த பிறகு மருத்துவர் சொல்லும் காலம் வரையிலும் கருத்தரிக்கக் கூடாது. மருந்தைச் சாப்பிடுபவர் கணவர் என்றாலும் இதே விதிதான்.

மும்மருந்திலும் தோற்றால்? அப்படியும் சிலர் உண்டு. கிளெகாபிரெவிர், பிப்ரென்டஸ்விர், சோஃபோஸ்புவிர், ரிபாவிரின் நான்கையும் சேர்த்து 16 முதல் 24 வாரம் வரை கொடுக்கிறார்கள். கிளெகாபிரெவிர் கூட்டில் தோற்றவர்களுக்கு அந்த நான்கையும் கொடுத்த மாகெல்லன்-3 என்ற சிறு ஆய்வில் 23 பேரில் 22 பேர் குணமானார்கள். எதிர்ப்பு மாற்றப் பரிசோதனைக்கு உண்மையான பயன் இருப்பது இந்தக் கட்டத்தில்தான்.

எந்தச் சுற்றானாலும் தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சி வைரஸ் அடங்கியதும் பி வைரஸ் தலைதூக்கிக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்த நிகழ்வுகளைக் கண்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-லேயே கடுமையான எச்சரிக்கை விடுத்திருக்கிறது. அமியோடரோன் என்ற இதய மருந்து சாப்பிடுபவர் அதைச் சொல்லாமல் சோஃபோஸ்புவிரைத் தொடங்கினால் இதயத் துடிப்பு அபாயகரமாகக் குறையலாம்.

மருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறதா

சோஃபோஸ்புவிர் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர். 2014-ல் அதன் உரிமையாளரான கிலியட் நிறுவனம் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்க, போட்டியில் விலை தலைகீழாகச் சரிந்தது. அந்த மலிவு மாத்திரையை வைத்துப் பஞ்சாப் அரசு 2016-ல் ஒரு துணிச்சலான வேலையைச் செய்தது. மாவட்ட மருத்துவமனைகளின் பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஏழை பணக்காரர் பாராமல் மருந்தை இலவசமாக வழங்கியது. முதல் இரண்டாண்டுகளில் சேர்ந்தவர்கள் 48,000-க்கும் மேல். சிகிச்சையை முடித்து 12 வாரப் பரிசோதனைக்கும் வந்தவர்களில் 91 சதவீதத்துக்கும் அதிகமானோர் குணமானார்கள். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். இந்தியப் பொது மருத்துவம் பெருமைப்பட வேண்டிய சாதனை இது.

பஞ்சாப் போட்ட பாதையில்தான் 2018 ஜூலை 28 அன்று தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு உட்பட எல்லா மாநிலங்களிலும் குறிப்பிட்ட அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிரோசிஸ் இல்லாதவருக்கு சோஃபோஸ்புவிர், டக்ளாடஸ்விர்; சிரோசிஸ் உள்ளவருக்கு சோஃபோஸ்புவிர், வெல்பாடஸ்விர்; முற்றியவருக்கு ரிபாவிரினும் சேரும். முதல் சுற்றுக்கு இது நல்ல ஏற்பாடு. தோற்றவர்களை மாதிரி சிகிச்சை மையத்துக்கு அனுப்பச் சொல்கிறது நெறிமுறை. ஆனால் திட்டம் தொடங்கியபோது வகுத்த அந்த நெறிமுறை இந்த நான்கு மருந்துகளைச் சுற்றியே அமைந்தது; வோக்சிலாபிரெவிர் அதில் இடம்பெறவில்லை. பெரிய மையத்துக்குப் போய்ச் சேர்ந்த நோயாளிக்கும் அங்கே காத்திருந்தது 24 வார ரிபாவிரின் சிகிச்சைதான்.

எகிப்து இந்த இடத்தில் வேறு விதமாக யோசித்தது. ஒரு காலத்தில் நத்தைக் காய்ச்சலுக்காக அரசே போட்ட ஊசிகளால் ஹெபடைடிஸ் சி பரவிய நாடு அது. லட்சக்கணக்கானோருக்குச் சிகிச்சை கொடுத்தபோதே, தோற்றவர்களுக்கெனத் தனி மருந்துக் கூட்டுகளையும் தேசிய நெறிமுறைக்குள் எழுதி வைத்தது. முதல் சுற்றை லட்சம் பேருக்குக் கொடுக்கும் நாடு, இரண்டாம் சுற்றைச் சில ஆயிரம் பேருக்குக் கொடுக்கத் தயங்கக் காரணமே இல்லை. தேவை சிறியது என்பதால் எந்த நிறுவனமும் தானாக முன்வராது. ஆகவே எல்லா மாநிலங்களின் தேவையையும் கூட்டி, மத்திய அரசு ஒரே இடத்தில் கொள்முதல் செய்வதுதான் வழி. கூடவே, எதிர்ப்பு மாற்றப் பரிசோதனை செய்யும் ஆய்வுக்கூடங்கள் சிலவற்றையாவது திட்டத்தோடு இணைத்தால், மணிப்பூரில் தப்பும் வைரஸும் மதுரையில் தப்பும் வைரஸும் ஒன்றா வேறா என்பதாவது தெரியவரும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. மாத்திரை முடிந்த பிறகு அந்த 12 வாரப் பரிசோதனைக்கு வராமல் போகிறவர்கள் ஏராளம். உடம்பு நன்றாக இருக்கிறது, கூலியை விட்டுவிட்டு எதற்காகப் பேருந்து ஏற வேண்டும் என்று நினைக்கிறார்கள். அவர்களில் யார் குணமானவர், யார் தோற்றவர் என்று யாருக்கும் தெரியாது. தோற்றவரிடம் வைரஸ் சத்தமில்லாமல் வேலையைத் தொடர்கிறது. செல்பேசியில் ஓர் அழைப்பு, பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே ரத்தம் எடுத்து அனுப்பும் வசதி என்ற இரண்டும் இருந்தால் இவர்களில் பெரும்பாலோரைக் கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது மறுசிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள், முதல்முறை சாப்பிட்ட மாத்திரையின் பெயர், எத்தனை வாரம், எத்தனை நாள் தவறியது, கூடவே வேறென்ன மருந்து என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டு, காலி டப்பா, ஜீனோடைப் முடிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுப்பது அதை வைத்துத்தான். சிரோசிஸ் இல்லாதவர், சரியான மருந்து வரும்வரை சில மாதங்கள் மருத்துவர் கண்காணிப்பில் காத்திருக்கலாம். சிரோசிஸ் உள்ளவர் காத்திருக்கக் கூடாது; கிடைக்கும் மருந்துகளில் சிறந்ததை உடனே தொடங்க வேண்டும். குணமான பிறகும் அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துக் கல்லீரல் புற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.